முழங்கால் தண்ணீர்

ஆறுமுகச்சாமி இப்போது தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். ஜாமீன் நிபந்தனை அப்படி. கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமானவர் என்று அவர் மேல் வழக்கு. அந்த வழக்கை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. அவரே தேடிப் போய் வாங்கிக்கொண்டார். செத்துப்போன மனிதன் குடித்திருந்தானா இல்லையா என்ற ஒரே ஒரு விஷயம் நேராக வேண்டும் என்பதற்காக.

நான் சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதுகிறவன். முப்பது வருஷத் தொழில். கூடப் பிறந்த தங்கச்சியையே யாரென்று தெரியாது என்று எழுதச் சொன்னவனைப் பார்த்திருக்கிறேன். செய்யாத தர்மத்தைச் செய்ததாகக் கல்வெட்டு வாசகம் கேட்டு வந்தவர்களும் உண்டு. செய்த தப்பைச் செய்தேன் என்று எழுதித் தரச்சொல்லி என் மேஜை முன்னால் வந்து நின்றவர் ஆறுமுகச்சாமி ஒருவர்தான்.

பனவடலிசத்திரத்தைத் தாண்டி மஞ்சணத்திக் குளம் இருக்கிறது. மழை பெய்தால் குளம், பெய்யாவிட்டால் ஆடு மேயும் பொட்டல். போன கார்த்திகையில் அதன் கரையில் இசக்கித்துரை என்பவர் ‘கரையோரம் கேம்ப்’ என்று பலகை நட்டார். குளத்தின் மீன் குத்தகை ஏற்கெனவே அவரிடம் இருந்தது. நாலு கூடாரம், பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, தகரம் போட்ட சமையல் கொட்டகை, இரண்டு கழிவறை, அவ்வளவுதான் கேம்ப். தூண்டில் அவர்களே தருவார்கள். பிடித்த மீனை ஆறுமுகச்சாமியின் மனைவி மாடத்தி மசாலா தடவிப் பொரித்துத் தருவாள். குற்றாலக் கூட்டத்தில் நசுங்க மனமில்லாத குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து விழும். நானும் போவேன். என் வீட்டில், “பஜார்ல மீன் கடையே இல்லாத மாதிரி” என்று முணுமுணுப்பாள். எனக்கு மீன் பெரிதில்லை. ரெண்டு மணி நேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஆறு நாளாக எழுதிய சர்வே நம்பரெல்லாம் மண்டையை விட்டு இறங்கிவிடும்.

ஆறுமுகச்சாமிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால் சொல்வது கொஞ்சம் கஷ்டம். காவல்காரர், தூண்டிலுக்கு மைதா உருண்டை பிசைகிறவர், கூடாரம் கட்டுகிறவர். ஆனால் இசக்கித்துரை அவரைப் பிடித்துப் போட்டது வேறு ஒரு காரியத்துக்காக. குளத்தின் அடி அவருக்கு அத்துப்படி. ஐம்பத்து மூன்று வயதில் நாற்பது வருஷம் அந்தப் பொட்டலில் ஆடு மேய்த்தவர். எங்கே பாறை, எங்கே களிமண், எங்கே மண்ணெடுத்த பழைய கிடங்குப் பள்ளம் என்று தண்ணீருக்கு மேலே நின்றே சொல்லிவிடுவார். “இங்கன கணுக்கால். அங்கன இடுப்பு. அந்தக் கருவேலத்துக்கு வடக்க போவாதிய, கிடங்கு கெடக்கு” என்பார். வருகிறவர்கள் அவர் சொன்ன இடத்தில் நிற்பார்கள். “எங்க ஆளுக்குக் குளம் கண்ணாடி மாதிரி சார். கேம்புக்கு அவர்தான் இன்சூரன்ஸ்” என்று இசக்கித்துரை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அத்துப்படியில் மூன்று மாதம் விடுபட்டுப் போயிருந்தது. அது யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கே உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை.

மேட்டுக்காட்டு ஆட்டுக்காரர்கள் பங்குனி பிறந்தால் ஊரில் இருக்க மாட்டார்கள். மந்தையை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிப் பக்கத்து வயல்காடுகளுக்குப் போய்விடுவார்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று நகர்ந்துகொண்டே இருந்துவிட்டு ஆனியில்தான் திரும்புவார்கள். ஆறுமுகச்சாமியும் வருஷா வருஷம் போகிறவர். போன வருஷமும் போனார். அவர் அந்தப் பக்கம் போயிருந்தபோது சித்திரையில் மஞ்சணத்திக் குளத்தில் வண்டல் எடுக்கிறோம் என்று ஜேசிபி இறங்கியது. எடுத்தவர் இசக்கித்துரை. வைகாசியில் கோடை மழை கொட்டித் தீர்த்துக் குளத்தில் தண்ணீர் கட்டிவிட்டது. ஆறுமுகச்சாமி ஆனியில் வந்து பார்த்தபோது செம்மண் கலரில் தண்ணீர்தான் தெரிந்தது.

வண்டல் ஏற்றிக்கொண்டு லாரி போனது மாடத்திக்குத் தெரியும். அவள் புருஷனிடம் சொல்லவும் செய்தாள். அவர் இசக்கித்துரையைப் பார்த்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டிருக்கிறார். “பழைய கிடங்குலதாம்லே எடுத்தோம், புதுசா ஒண்ணும் தோண்டல” என்று பதில் வந்தது. அவர் நம்பினார். இறங்கி ஒரு தடவை கம்பு விட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த ஆடியில் மந்தையில் ஆட்டுக்கொல்லி நோய் புகுந்து தினம் நாலு ஐந்தாக ஆடுகள் விழுந்தன. புதைக்கவே நேரம் சரியாக இருந்தது. எண்பது ஆட்டில் பதினொன்று மிஞ்சியது. அப்படித்தான் அவர் கேம்ப் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

தை மாதம், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். கடையநல்லூரிலிருந்து முகம்மது ஆரிப் என்பவர் மனைவி சாஜிதா பானுவோடும் ஆறு வயது மகள் ரிஸானாவோடும் வந்திருந்தார். கத்தாரில் வேலை. ரெண்டு மாத லீவில் பதினைந்து நாள்தான் பாக்கி என்று அவரே என்னிடம் சொன்னார். நல்ல கலகலப்பான மனிதர். தூண்டில் பிடிக்கத் தெரியவில்லை. மகள் அவரைக் கேலி செய்ய, அவரும் சேர்ந்து சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய தூண்டில் தண்ணீருக்குள் எதிலோ சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. கயிறு அறுந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பிள்ளை முதன்முதலாகப் பிடித்த தூண்டில் அது, அவளிடமிருந்து வாங்கித்தான் இவர் போட்டிருந்தார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டே ஆறுமுகச்சாமியைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இங்க ஆழமா?”

“ஆழமெல்லாம் இல்ல தம்பி. முழங்கால்தான் கெடக்கும். நான் ஆடு மேய்ச்ச எடம். பைய எறங்குங்க.”

நான் ஏழெட்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் பேசியதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆரிப் இறங்கினார். ஒன்பது, பத்து எட்டு வைத்திருப்பார். சொன்ன மாதிரியே முழங்கால்தான் இருந்தது. திரும்பி மகளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அடுத்த எட்டில் ஆள் இல்லை.

சத்தம்கூட வரவில்லை. ஒரு கை மட்டும் மேலே வந்து தண்ணீரை அடித்தது. ஆறுமுகச்சாமி கட்டிய வேட்டியோடு பாய்ந்தார். சாஜிதா பானு மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை அவிழ்த்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தண்ணீரில் வீசினாள். அது எட்டவில்லை, தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. நான் கத்தினேன். அதைத் தவிர நான் அன்று செய்த உருப்படியான காரியம் ஒன்றுமில்லை.

முங்கி முங்கி ஆறுமுகச்சாமி ஆரிப்பை வெளியே கொண்டுவர இருபது நிமிஷம் ஆயிற்று. கரையில் போட்டு நெஞ்சை அமுக்கினார்கள், வாயில் ஊதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆறுமுகச்சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“செவுரு மாதிரி நேரா வெட்டியிருக்கு அண்ணாச்சி. ஜேசிபி பல்லு பட்ட தடம் கையில தட்டுது. ஆளு உசரத்துக்கு ரெண்டு பங்கு இருக்கும். இது எனக்குத் தெரியாதே. நான் தெரியாம இந்தப் புள்ளைய எறக்கிவிட்டுட்டேனே.”

இசக்கித்துரை முக்கால் மணி நேரத்தில் காரில் வந்துவிட்டார். அதற்குப் பின்னால் போலீஸ். அவர் முதலில் ஆறுமுகச்சாமியைத் தனியாகக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என்ன பேசினார் என்பதை ஆறுமுகச்சாமி எனக்குப் பிறகு சொன்னார். “நீதான் எறங்கச் சொன்னேன்னு வாயத் தொறந்தா உள்ள போறது நீதாம்லே. நான் இல்ல. ஒண்ணும் பேசாத. ஆளு குடிச்சுட்டு எறங்கிட்டாருன்னா யாருக்கும் ஒரு சங்கடமும் இல்ல.” பக்கத்துக் கூடாரத்தில் முந்தின நாள் தங்கிப் போனவர்களின் காலி பாட்டில்கள் கிடந்தன. யார் எடுத்து வைத்தார்களோ தெரியாது, போலீஸ் போட்டோ எடுக்கும்போது அவை ஆரிப் குடும்பத்தின் பாய்க்குப் பக்கத்தில் இருந்தன.

சாஜிதா பானு, “அவங்க அதத் தொட்டதே இல்ல, ஒரு நாளும் தொட்டதில்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெண்டாட்டி அப்படித்தான் சொல்வாள் என்று ஒரு போலீஸ்காரர் இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பிரேத விசாரணை அறிக்கைக்கு ஐந்து பேர் கையெழுத்து வேண்டுமாம். அங்கே நின்றவர்களில் சட்டை கசங்காமல் இருந்தவன் நான். தாளை நீட்டினார்கள். தாகமாக இருந்தது, அந்தப் பிள்ளையின் அழுகை காதுக்குள் குடைந்தது, எப்படியாவது வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று இருந்தது. படிக்காமல் போட்டுவிட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தினம் பத்துப் பேருக்குச் சொல்லிப் பிழைக்கிறவன் நான். என்ன எழுதியிருந்தது என்று மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ‘மதுபோதையில் குளத்தில் இறங்கியவர் பலி.’ இறந்தவர் மேல் மது வாடை வீசியதாக அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். அங்கிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஐந்து வாரம் கழித்து ஆறுமுகச்சாமி என் கடைக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். கேம்ப் பழையபடி நடந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டார். மாடத்தியையும் போக விடவில்லை.

“எனக்கு ஒரு மனு எழுதணும் அண்ணாச்சி.”

“என்ன மனு?”

“நான்தான் எறங்கச் சொன்னேன்னு. அந்தப் புள்ள குடிக்கலன்னு. ஆழமான்னு கேட்டுட்டுத்தான் எறங்குனாருன்னு. ஜேசிபி வெட்டுன பள்ளத்தையும் எழுதுங்க.”

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இப்படி எழுதினால் நேரே வழக்கு உம்மேல்தான் பாயும் என்று சொன்னேன். பிரேதப் பரிசோதனையின் ரசாயன ஆய்வு அறிக்கை வரட்டும், அதில் குடிக்கவில்லை என்று வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றேன்.

“அது எப்ப வரும்?”

“ஆறு மாசம் ஆகும். ஒரு வருஷமும் ஆகும்.”

“அதுக்குள்ள அந்தக் குடும்பம் என்னாகும்? அவரு அப்பா பள்ளிவாசலுக்குப் போறத நிறுத்திட்டாராம். ஆட்டு வியாபாரி ஒருத்தரு சொன்னாரு. தொழுகைக்கு நின்னா பக்கத்துல நிக்கிறவன் என்ன நெனப்பான்னு வீட்டுலயே தொழுதாராம். உசுரத்தான் எடுத்துட்டேன். பேரயும் எடுக்கணுமா?”

எழுதினேன். நன்றாகவே எழுதினேன், தொழில் அது. சாட்சி என்று போட வேண்டிய இடம் வந்தபோது பேனா நின்றது. நான் கேட்டதாக எழுதினால் என் முந்தைய கையெழுத்து பொய் என்று ஆகிவிடும். பொய்ச் சாட்சி போட்டவனிடம் லைசென்ஸ் இருக்காது. எனக்கு ரெண்டு பெண்கள், ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதையெல்லாம் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

“உங்க பேரு வராது அண்ணாச்சி. நான் சொல்லுதேன், வராது” என்றார். என்னமோ நான்தான் பாவம் என்பது போலப் பார்த்தார்.

மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கடையநல்லூர்த் தெருக்கள் தெரியாது, கூட வாருங்கள் என்றார். மறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை தவிர்த்து ஒரு நாள் பஸ்ஸில் போனோம்.

ஆரிப்பின் தகப்பனார் முகம்மது ஹுசைன், எழுபது வயது இருக்கும். எங்களை உட்காரவைத்து, யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே டீ கொண்டுவரச் சொன்னார். உள்ளறை வாசலில் ஒரு திரை தொங்கியது. சாஜிதா பானு இத்தா இருக்கிறாள். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள், வெளியே போகமாட்டார்கள். உண்மையைக் கேட்ட ஒரே சொந்தக்காரி, காவல் நிலையத்துக்கோ பேப்பர்காரனிடமோ போக முடியாமல் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

ஆறுமுகச்சாமி நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முழங்கால்தான் என்று சொன்னதை, ஆடு மேய்த்த இடம் என்று சொன்னதை, மூன்று மாதம் ஊரில் இல்லாமல் போனதை, கம்பு விட்டுப் பார்க்காததை. சொல்லி முடித்துக் கையைக் கூப்பினார்.

“என் மவன் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றார் முகம்மது ஹுசைன். “அதச் சொல்ல ஒமக்கு ஐஞ்சு வாரமாச்சா?”

“பயந்துட்டேன்யா.”

“இப்ப பயம் இல்லியா?”

“இருக்குய்யா.”

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சாஜிதா பானுவின் குரல் வந்தது. மெதுவான, நிதானமான குரல். “மாமா, அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. பக்கத்துல இன்னொருத்தரும் தூண்டி போட்டுட்டு இருந்தாரு. அவரும் கேட்டாரு. நான் பாத்தேன், இவங்க பேசும்போது திரும்பிப் பாத்தாரு. அவரு யாரு? அவரு வந்து சொன்னா எல்லாரும் நம்புவாங்க.”

டீ கிளாஸ் என் கையில் இருந்தது. ஆறுமுகச்சாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

“தெரியலம்மா. வெளியூரு ஆளு” என்றார். தன்மேல் விழப்போவதை எல்லாம் தானே எடுத்துச் சொல்ல வந்த மனிதர், அந்த வீட்டில் சொன்ன ஒரே பொய் அது. எனக்காகச் சொன்னார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

மனு போயிற்று. அடுத்த வாரமே வழக்குப் பதிந்து அவரைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நாள் உள்ளே இருந்தார். ஜேசிபி பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்ததற்கு, குளம் என்றால் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும் என்று போலீஸிடமிருந்து ஒரே வரியில் பதில். கடையநல்லூர்க்காரர்களிடம் எதையோ வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்று இசக்கித்துரை ஊரெல்லாம் சொல்லிவைத்தார். முகம்மது ஹுசைன் விடவில்லை, மேலே எழுதிப் போட்டார். பங்குனிக் கடைசியில் ஓர் அதிகாரி தாலுகா அலுவலகத்துக்கு வந்து விசாரித்தார்.

ஜாமீனில் வந்திருந்த ஆறுமுகச்சாமியை முதலில் கூப்பிட்டார். அறைக்கதவு திறந்திருந்தது. வராந்தாவில் நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“மது வாடை அடிச்சுதா?”

“இல்லய்யா. பக்கத்துல நின்னுதான் பேசுனேன். அத்தர் வாசந்தான் அடிச்சுது.”

“உம்மேலயே கேஸ் இருக்கு. நீ மட்டும் சொன்னா எப்படிய்யா எடுத்துக்கிறது? அவரு கேட்டதையும் நீ சொன்னதையும் வேற யாராவது கேட்டாங்களா?”

“ஆரும் இல்லய்யா.”

அடுத்து, பிரேத விசாரணையில் கையெழுத்துப் போட்டவர்களைக் கூப்பிட்டார்கள். மற்ற நாலு பேரும் வரவில்லை. நான் உள்ளே போனேன். அதிகாரி அந்தத் தாளைக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம் ஐயா. மது வாடை உங்களுக்குத் தெரிந்ததா? நான் தள்ளி இருந்தேன் ஐயா, கூட்டமாக இருந்தது, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார்கள். எவ்வளவு தள்ளி? சரியாக நினைவில்லை ஐயா. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

வெளியே வந்தபோது முகம்மது ஹுசைன் படிக்கட்டில் நின்றிருந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தவனை அவருக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. என் கையெழுத்தைப் பற்றி அதிகாரி கேட்டதையும் கேட்டிருந்தார். கிட்டே வந்தார்.

“அந்த இன்னொரு ஆளு நீங்கதானா?”

ஆறுமுகச்சாமி வேப்பமரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை அவர் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக் காப்பாற்ற மாட்டாரா என்று நான் அவரைப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

“ஆமா” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் முழங்கையைப் பிடித்தார். வயதானவர் கை, எலும்பு தெரிந்தது. “ஐயா இன்னும் உள்ளதான் இருக்காரு. ஜீப்பு நிக்குது. ஒரு வார்த்த போயிச் சொல்லிருங்க. என் மவன் கேட்டுட்டுத்தான் எறங்குனான்னு மட்டும் சொல்லுங்க. எம் பேத்திக்கு அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

அதிகாரி பைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களைத் தாண்டித்தான் போனார், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். டிரைவர் கதவைத் திறந்தான். முகம்மது ஹுசைன் என் முழங்கையை விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் கேட்டைத் தாண்டிப் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் கையை எடுத்தார்.